கண்காணிப்பும் கங்காணியும்: மூஸ் மானின் மூன்று வரைபடங்கள்

1

மானிட்டரிங் என்பதைத் தமிழில் கண்காணிப்பு என்று எழுதுகிறோம். வனத்துறைச் சுற்றறிக்கையிலும் தன்னார்வக் குழுக்களின் நிதி விண்ணப்பத்திலும் இந்தச் சொல் கேள்வியே இல்லாமல் புழங்குகிறது. ஆனால் இது வரலாறு இல்லாத சொல் அல்ல. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் கட்டிக்கொண்டுபோன கங்காணி இந்தச் சொல்லிலிருந்து வந்தவன்தான். தோட்டத்தில் அவன் கண் தேயிலைச் செடிமேல் இருக்கவில்லை, கொழுந்து கிள்ளுகிற கைமேல் இருந்தது. பேச்சு செடியைப் பற்றி, கணக்கு ஆளைப் பற்றி.

ஆகவே 'வனவிலங்கின் வாழிடத்தை வரைபடமாக்கிக் கண்காணிக்கிறோம்' என்று ஓர் அரசு சொன்னால் எனக்கு முதலில் எழுகிற கேள்வி ரொம்பச் சாதாரணமானது: யாரை? விலங்கையா, விலங்கை நம்பி வாழ்கிறவனையா, நிலத்தைத் தோண்டுகிறவனையா? மூன்றுக்கும் 'வாழிட வரைபடம்' என்று ஒரே பேர்தான் வைப்பார்கள். ஆனால் எதைக் கண்காணிக்கிறது என்பதைப் பொறுத்து அந்தக் காகிதத்தின் அரசியல் அடியோடு மாறிவிடுகிறது.

இதைப் பேச நான் எடுத்துக்கொள்வது கனடாவின் மேற்குக் கோடி மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கு மூலை. பீஸ் ஆறு ஓடுகிற நிலம். அங்கே வாழும் மூஸ் என்கிற மான். ஏன் அவ்வளவு தூரம் போகணும்? இன்று உலகமெங்கும் நிலத்தை அளக்கப் பயன்படுகிற கணினி வரைபட முறையை முதன்முதலில் பெரிய அளவில் உருவாக்கியது கனடிய அரசு. அதை உருவாக்கிய திட்டத்தின் பட்டியலில் மூஸ் இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அதே மூஸை முன்வைத்து, அதே வகை வரைபடங்களைக் கையிலெடுத்து, சில நூறு பேர் கொண்ட ஒரு வேட்டைச் சமூகம் மாகாண அரசை நீதிமன்றத்தில் தோற்கடித்தது. கருவி ஒன்றே, பிடித்த கை மாறியது. அந்த மாற்றம் எப்படி நடந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

2

மூஸ் மான் இனத்திலேயே பெரியது. வளர்ந்த ஆண் அரை டன் எடை வரும்; தோள் மட்டம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். இதற்குத் தமிழில் பேர் இல்லை. நம் கடமான் வேறு. 'மூஸ்' என்பது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அல்கோங்கியன் மொழிகள் பேசிய மக்களிடமிருந்து பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல். பேரை எடுத்துக்கொண்டவர்கள் பிறகு நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

பீஸ் ஆற்றுப் பக்கம் வாழ்கிறவர்கள் டனே-ஸா மக்கள். ஆங்கிலேயர் வைத்த பேர் பீவர் இந்தியர்கள். இவர்களுக்கு மூஸ் என்பது இறைச்சி, தோல், கூடாரம், காலணி, விருந்து, பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிற பாடம் எல்லாமே. நம் கிராமத்தில் நெல் எப்படியோ அப்படி. ஆனால் நெல்லுக்கு வயல் உண்டு, வரப்பு உண்டு. மூஸுக்கு அது இல்லை. அது பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். கோடையில் நீர்நிலைகளில் இறங்கித் தண்ணீர்ச் செடி தின்னும், உப்பு மண்ணைத் தேடி நக்கும். குளிர்காலத்தில் வில்லோ, ஆஸ்பென் மரங்களின் இளங்கொம்பு. பனி நெஞ்சளவு ஏறிவிட்டால் அதுவும் நடக்கத் திணறும். அப்போது ஊசியிலை மரங்கள் அடர்ந்த இடத்தின் அடியில், பனி குறைவான பள்ளத்தாக்கில் போய் நிற்கும். தீ எரிந்து சில வருஷம் கழித்துத் தளிர்க்கிற காடு அதற்கு மிகப் பிடித்தமான மேய்ச்சல். ஒரே விலங்குக்கு ஒரே வருஷத்தில் நாலைந்து வகை நிலம் வேண்டும். வேட்டைக்காரனும் அதன் பின்னாலேயே நடக்கணும்.

இந்த நடமாட்டத்தை அரசின் கண் 'காலி' என்று படித்தது. 1899இல் பிரிட்டிஷ் அரசியின் பேரால் எட்டாம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஃபோர்ட் செயிண்ட் ஜான் பகுதி டனே-ஸா மக்கள் 1900இல் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பந்தமே செய்துகொள்ளாமல் இருந்தால் எவ்வளவு சுதந்திரமாக வேட்டையாடுவார்களோ, அதே சுதந்திரம் ஒப்பந்தத்துக்குப் பிறகும் இருக்கும் என்று ஆணையர்கள் வாக்குக் கொடுத்ததை அவர்களுடைய அறிக்கையே பதிவு செய்கிறது. ஆனால் ஒப்பந்தப் பிரதியில் ஒரு விதிவிலக்கு: குடியேற்றம், சுரங்கம், மரம் வெட்டுதல், வணிகம் முதலான காரியங்களுக்கு அவ்வப்போது எடுத்துக்கொள்ளப்படும் நிலங்கள் நீங்கலாக. 'அவ்வப்போது' என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குள் நூற்றிருபது வருஷ வரலாறு அடங்கிவிட்டது. எவ்வளவு எடுக்கலாம்? பிரதி மௌனம். கட்டவிழ்ப்பு பேசுகிற நண்பர்கள் கவிதைகளில் தேடுகிற மௌனத்தை ஒப்பந்தங்களில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

ஒரு உதாரணம் போதும். ஃபோர்ட் செயிண்ட் ஜான் பீவர் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு ரிசர்வ் நிலம் இருந்தது. கோடையில் கூடுவார்கள், குளிர்காலத்தில் வடக்கே வேட்டைக்குப் போவார்கள். நல்ல மண். வருஷத்தில் பாதி நாள் ஆள் இல்லாத இடம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு விவசாய நிலம் தேவைப்பட்டது. 1945இல் அவர்களிடம் சரணளிப்புப் பத்திரம் வாங்கப்பட்டது; 1948இல் 70,000 டாலருக்கு அந்த நிலம் படைவீரர் நிலத் திட்டத்துக்குக் கைமாறியது. பிறகு அதன் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. 1995இல் கனடிய உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் மத்திய அரசு தன் கடமையிலிருந்து தவறியதாகச் சொன்னது. ஐம்பது வருஷம் ஆயிற்று. இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு 'இங்கே யாரும் இல்லை' என்று எழுதுவதற்கு ஒரு கண் பழக்கப்பட வேண்டும். அந்தக் கண் விஞ்ஞானமாவதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

3

முதல் வரைபடம் அரசுடையது. 1960களின் தொடக்கத்தில் கனடாவில் கிராமப்புற வறுமை, உதவாத விவசாயம் பற்றிய கவலை. எந்த நிலம் எதற்கு லாயக்கு என்று தெரிந்தால் திட்டமிடலாம் என்று 1963இல் கனடா நிலக் கணக்கெடுப்பு தொடங்கியது. விவசாயம், காடு, பொழுதுபோக்கு, வனவிலங்கு எனத் துறைவாரியாக நிலத்தின் 'இயல்திறன்' வகுக்கப்பட்டது. வனவிலங்கில் இரண்டு பிரிவு: நீர்ப்பறவைகள், குளம்பு விலங்குகள். மூஸ் இந்த இரண்டாவதில் வருகிறது.

ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் 1 முதல் 7 வரை ஒரு வகுப்பு. 1 என்றால் குளம்பு விலங்கு பெருகத் தடையே இல்லாத நிலம். 7 என்றால் ஏறக்குறைய ஒன்றுமே விளையாத நிலம். கூடவே எது தடை என்று காட்டும் குறியெழுத்து: பனியின் ஆழமா, மண்ணின் ஈரமா, நிலத்தின் அமைப்பா. சுற்றுவட்டார விலங்குகள் குளிருக்கு ஒதுங்கும் இடங்களுக்குத் தனிக் குறி. நேர்மையாகச் சொன்னால் இது மட்டமான வேலை இல்லை. நிலம் தெரிந்தவர்கள் செய்த வேலை.

பிரச்சினை அளவில் வந்தது. இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம், ஆயிரக்கணக்கான தாள்கள், ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் பரப்பளவு கணக்கிட ஆள் பற்றாது. ராஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் இங்கேதான் வருகிறார். வான்வழி அளவை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அப்போது இன்னும் பிரிட்டிஷ் காலனியாக இருந்த கென்யாவில் மரத்தோட்டம் போட இடம் தேடும் வேலையில், கையால் வரைபடங்களை ஒப்பிடுவது கட்டுப்படியாகாது, கணினியால் முடியும் என்ற யோசனை அவருக்கு உண்டானது. 1962இல் தற்செயலாக ஒரு விமானப் பயணத்தில் நிலக் கணக்கெடுப்பின் பொறுப்பாளரான லீ பிராட்டைச் சந்திக்கிறார். ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து கனடா புவியியல் தகவல் முறைமை உருவாகிறது. இன்று ஜி.ஐ.எஸ். என்று சொல்கிறோமே, அதன் முன்னோடி இதுதான். காலனியத் தோட்டத்துக்கு இடம் தேடுவதில் முளைத்த யோசனை, மூஸும் விவசாயமும் மரமும் சேர்ந்த ஒரு கணக்கில் இயந்திரமானது.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். இந்த வகுப்புகளைப் போடும்போது நிலத்தின் இப்போதைய பயன்பாடு, யாருக்குச் சொந்தம், பாதை இருக்கிறதா, நகரத்திலிருந்து எவ்வளவு தூரம், வேட்டை நெருக்கடி எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் எடுக்கப்பட மாட்டாது என்று அந்தத் திட்டமே வெளிப்படையாக அறிவித்தது. நகரப் பகுதி போன்ற தீவிரமான நிலைமைகள் மட்டும் விலக்கு. விஞ்ஞான ரீதியில் இதற்குக் காரணம் உண்டு: நிலத்தின் அடிப்படைத் திறனை அளப்பதுதான் நோக்கம், சொந்தக்காரன் மாறுவான், மண் மாறாது. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு மூஸ் நிலத்தின் குறுக்கே பத்து எண்ணெய்க் கிணறும் இருபது பாதையும் போட்டாலும் வரைபடத்தில் அது இரண்டாம் வகுப்புதான். மூஸ் ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் அந்த வர்ணம் மங்காது. அதே கையோடு, அந்த நிலத்தில் நூறு தலைமுறையாக வேட்டையாடுகிறவனும் 'உரிமை', 'பயன்பாடு' என்ற நீக்கப்பட்ட நிரலோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறான். யாரும் சதி செய்யவில்லை. வரையறையிலேயே காரியம் முடிந்துவிட்டது. வரைபடம் எதை மறைக்கிறது என்று படிக்கச் சொன்ன ஹார்லியும், அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்வதைச் சொன்ன ஃபூக்கோவும் இங்கே மேற்கோள்களாகத் தேவைப்படவில்லை. விதிமுறைப் பக்கமே போதும்.

பிறகு வந்த எண்ணிக்கை முறைகளும் இதே தர்க்கத்தில் நுட்பமாகின. பனி விழுந்த பிறகு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் போய் எண்ணுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் கரிய உடல் தெரியும். 1986இல் அலாஸ்காவில் கேஸவே முதலானோர் வகுத்த முறை பரவலானது. நிலத்தைத் துண்டுகளாக்கி, மூஸ் அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிரித்து, சிலவற்றை மட்டும் தேர்ந்து எண்ணி, அதில் ஒரு பகுதியை மீண்டும் தீவிரமாகத் தேடி, முதல் தடவை கண்ணில் படாமல் தப்பியவை எத்தனை என்று திருத்தம் போடுவார்கள். அழகான முறை. பார்க்காத மூஸுக்கும் கணக்கில் இடம் தருகிறது. பார்க்கத் தவறிய மனிதர்களுக்கு அப்படியொரு திருத்தக் காரணியை எந்த மாகாண அலுவலகமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு விடுபடல் தீ. வசந்தகாலத்தில் புல்வெளிகளையும் ஓடைக்கரைகளையும் அளவோடு எரித்து மேய்ச்சலை உண்டாக்குவது இந்தக் காடுகளின் மக்களுக்குத் தெரிந்த தொழில். பக்கத்து அல்பெர்டாவின் வடபகுதியில் ஹென்றி லூயிஸ் என்ற மானுடவியலாளர் 1970களில் முதியவர்களிடம் கேட்டு இதை விரிவாகப் பதிவு செய்தார். வனத்துறை தீயைக் குற்றமாக்கி நிறுத்தியது. பிற்பாடு விஞ்ஞானிகள் மூஸுக்கு எரிந்த காடு நல்லது என்று கண்டறிந்தார்கள். கண்டறிந்தார்கள் என்ற வினைச்சொல்லை யோசியுங்கள். எரித்தவன் குற்றவாளி, எரிந்ததை ஆராய்ந்தவன் நிபுணன். 'இயற்கை வாழிடம்' என்று வர்ணம் பூசப்பட்டதில் ஒரு பகுதி மனித உழைப்பு. வரைபடத்தில் அந்த உழைப்புக்குக் குறி இல்லை.

4

இரண்டாவது வரைபடம் வேட்டைக்காரர்களுடையது. 1970களில் கனடாவின் வடபகுதியில் குழாய்வழி, அணை, சுரங்கம் என்று திட்டங்கள் குவிந்தன. 'இங்கே யார் இருக்கிறார்கள்?' என்று அரசு கேட்டபோது பதில் சொல்ல ஒரு முறை தேவைப்பட்டது. இனூயிட் மக்களின் நிலப் பயன்பாடு பற்றிய பெரிய ஆய்வு 1976இல் வெளிவந்தது. முறை எளிது. ஒரு முதியவர் முன்னால் பெரிய வரைபடத் தாளை விரிப்பது; தன் வாழ்நாளில் எங்கெங்கே வேட்டையாடினார், மீன் பிடித்தார், பழம் பறித்தார், கூடாரம் போட்டார் என்பதை அவரே வர்ணக் கோடுகளால் சுற்றிக் காட்டுவது. வரைபட வாழ்க்கைச் சரிதம். சரிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு சமூகத்தின் நிலம் தெரிகிறது.

அலாஸ்கா நெடுஞ்சாலையையொட்டி எரிவாயுக் குழாய் போடுகிற பேச்சு வந்தபோது வடகிழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இந்த வேலை நடந்தது. அதில் ஈடுபட்ட மானுடவியலாளர் ஹியூ பிராடி 1981இல் எழுதிய 'மேப்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' என்ற புத்தகம் இதைப் பேசுகிறது. ஓர் அத்தியாயம் வேட்டைக்காரர்களோடு நடந்து போகும். அடுத்த அத்தியாயம் புள்ளிவிவரமும் வரைபடமும் பேசும். இரண்டு மொழிகளும் ஒன்றாகக் கலக்காது என்பதைப் புத்தகத்தின் அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

இந்த இரண்டாவது வரைபடம் என்ன செய்தது? அரசின் தாளில் நீக்கப்பட்டிருந்த அதே நிரலை, பயன்பாட்டையும் உரிமையையும், திரும்ப எழுதியது. மூஸ் இருக்கும் இடம் என்பது வேட்டைக்காரன் போகும் இடமாக ஆனது. இது பெரிய விஷயம். ஆனால் இதன் சிக்கலையும் பேசியாகணும். இங்கே கண்காணிப்புக்கு உட்படுகிறவன் யார்? வேட்டைக்காரனேதான். தான் எங்கே போகிறோம், எத்தனை மூஸ் சுட்டோம் என்பதை அவன் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சுரங்கக் கம்பெனிக்கு அந்த நிரூபணச் சுமை கிடையாது. கோடு போடாத வெள்ளை இடம் 'யாரும் பயன்படுத்தாத இடம்' என்று உடனே படிக்கப்படும். கோடு போட்ட இடமோ எல்லோருக்கும் தெரிந்த இடமாகிவிடும்: மூஸ் வந்து நக்கும் உப்பு மண் எங்கே என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், அந்தத் தாள் யார் யார் மேசைக்குப் போகும் என்பது குறித்தவன் கையில் இல்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்ற பொறி இது. நம் பக்கத்தில் பட்டா கேட்டு மனுப் போடுகிற எவருக்கும் இந்தப் பொறி புரியும்.

5

பிராடியின் புத்தகத்தில் இன்னொரு வரைபடமும் வருகிறது. நான் தலைப்பில் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, காரணம் உண்டு.

டனே-ஸா மக்களிடம் கனவாளர்கள் என்ற மரபு உண்டு. வேட்டை வழியையும், இறந்தபின் போகும் வழியையும் கனவில் கண்டு பாட்டாக, வரைபடமாகக் கொண்டு வருகிறவர்கள். 1976இல் இறந்த சார்லி யாஹே அந்த மரபில் பேர் பெற்ற கடைசிக் கனவாளர். அவர் குரலை ராபின் ரிடிங்டன் என்ற மானுடவியலாளர் ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறார். நல்ல வேட்டைக்காரன் காலையில் எழுந்து தான் எந்தத் தடத்தில் எந்த மூஸைச் சந்திக்கப் போகிறோம் என்று கனவில் கண்டிருப்பான் என்பது அவர்கள் சொல்லும் பழைய முறை.

குழாய்வழி பற்றிய ஒரு விசாரணைக் கூட்டம் ரிசர்வில் நடக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், பேச்சைப் பதிவு செய்கிறார்கள், விருந்து நடக்கிறது. எல்லாம் முடிகிற நேரத்தில் இரண்டு முதியவர்கள் மூஸ் தோலில் சுற்றிய மூட்டையை எடுத்துவந்து அவிழ்க்கிறார்கள். உள்ளே மேசையளவு பெரிய ஒரு கனவு வரைபடம், நெருக்கமாகக் குறிகள். பொருளை விளக்குகிறார்கள். அதிகாரிகள் பார்க்கிறார்கள், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். பிராடி சொல்வதன் சாரம் இவ்வளவுதான்.

இதை வைத்துப் பழங்குடி ஞானம் பற்றி உருகுவது சுலபம். அந்த உருக்கமும் ஒருவகைக் காலனியம்தான். நான் கவனிப்பது வேறு. கனவு வரைபடத்துக்கு நுழையக் கதவு இல்லாமல் போனது அதில் தகவல் இல்லாததால் அல்ல. அதைப் படிக்க வேண்டுமானால் படிப்பவன் அவர்களிடம் உட்கார்ந்து கற்க வேண்டும். அரசின் வரைபடம் எங்கிருந்து பார்த்தாலும் படிக்க முடிகிற காகிதம். ஒட்டாவாவில் உட்கார்ந்து பீஸ் ஆற்றை ஆளலாம். இதுவோ ஆளோடு, பாட்டோடு, இடத்தோடு ஒட்டிய காகிதம். ஆட்சிக்குப் பயன்படாது. அதனாலேயே அதை நிரலில் சேர்க்காமல் விடுகிறேன். சாட்சியாக ஆக்கப்படாமல் இருக்கிற உரிமையும் ஓர் உரிமைதான்.

6

மூன்றாவது வரைபடத்துக்கு வருவோம். குழாய்க்குப் பின்னும் எண்ணெய், எரிவாயு, மரம், சாலை, மின்கம்பி எல்லாம் வந்தன. அதற்கு முன்பே, 1968இல் பென்னட் அணை எழுந்து பீஸ் ஆற்றின் மேற்பகுதிப் பள்ளத்தாக்குகளை நீரில் மூழ்கடித்தது. எரிவாயு தேடக் காட்டில் வெட்டிய நேர்கோட்டுப் பாதைகளில் ஓநாய்கள் வேகமாக ஓடின, லாரிகளில் வெளியூர் வேட்டைக்காரர்கள் வந்தார்கள், மூஸ் குறைந்தது. ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியாகச் சின்னது: ஒரு கிணறு, ஒரு பாதை, ஒரு வெட்டுத்துண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'உங்கள் கருத்து என்ன?' என்று முறைப்படி ஒரு கடிதம் வரும். எந்த ஒரு கடிதத்தையும் வைத்து ஒப்பந்தம் மீறப்பட்டது என்று வாதாட முடியாது. சேர்த்துப் பார்க்கிற வேலை மட்டும் எந்த மேசையிலும் இல்லை.

புளூபெரி ரிவர் என்ற டனே-ஸா சமூகம் 2015இல் மாகாண அரசின்மேல் வழக்குப் போட்டது. ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் நிலம். அவர்கள் முன்வைத்த மையமான வரைபடங்கள் மூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டியவை அல்ல, வேட்டைக்காரன் எங்கே போகிறான் என்று மட்டும் காட்டியவையும் அல்ல. செயற்கைக்கோள் படத்தையும் அரசின் சொந்தப் பதிவுகளையும் கொண்டு, தொழில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டியவை. கிணறுகள், பாதைகள், குழாய்கள், வெட்டுத்துண்டுகள் எல்லாம் ஒரே தாளில். கண்காணிப்பின் திசை திரும்பிவிட்டது. கங்காணியின் பேர் முதல்முறையாகப் பேரேட்டில் ஏறியது.

2021 ஜூன் 29இல் நீதிபதி எமிலி பர்க் தீர்ப்புச் சொன்னார். அந்த நிலப்பரப்பில் 85 சதவீதம் ஏதாவது ஒரு தொழில் சிதைவிலிருந்து 250 மீட்டருக்குள் இருக்கிறது. 91 சதவீதம் 500 மீட்டருக்குள். 250 மீட்டர் என்றால் நடந்து மூன்று நான்கு நிமிஷம். சேர்ந்துவிட்ட பாதிப்பின் மொத்தத்தால் ஒப்பந்த உரிமையை அர்த்தமுள்ள வகையில் அனுபவிக்க முடியாமல் போய்விட்டது, மாகாணம் ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்பது முடிவு. 1899இன் 'அவ்வப்போது' என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்று முதல்முறையாக இப்படி ஒரு நீதிமன்றம் சொன்னது. மாகாணம் மேல்முறையீடு செய்யவில்லை. 2023 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை: நிலத்தைச் சீராக்க நிதி, மரம் வெட்டுவதில் குறைப்பு, எண்ணெய் எரிவாயுவுக்காகப் புதிதாகச் சிதைக்கும் நிலத்துக்கு வருஷத்துக்கு 750 ஹெக்டேர் என்று உச்சவரம்பு.

வெற்றிதான். ஆனால் கைதட்டிவிட்டு எழுந்துபோக எனக்கு மனசு வரவில்லை. மூன்று காரணங்கள்.

ஒன்று: இந்த வரைபடம் ஜெயிக்க 85 சதவீதம் கெட்டுப்போயிருக்க வேண்டியிருந்தது. 1970களின் கடைசியில் அதே மக்கள் தங்கள் வாழ்வை வரைந்து காட்டினார்கள். வாழ்வு சாட்சியாகப் போதவில்லை. நாற்பது வருஷம் கழித்துக் காயத்தை வரைந்து காட்டினார்கள். காயம் போதுமானதாக இருந்தது. உயிரோடு இருப்பதைவிடச் சேதத்தை நன்றாகப் படிக்கிற ஒரு சட்டத்தை, ஒரு விஞ்ஞானத்தை நாம் என்ன செய்வது? இனி ஒவ்வொரு சமூகமும் அந்த அளவு கெடும்வரை காத்திருக்கணுமா?

இரண்டு: அரசின் பழைய பழக்கம் சீக்கிரம் திரும்பி வந்தது. 2022இல் பீஸ் பகுதியில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் எடுக்கும் மூஸின் அளவைப் பாதியாகக் குறைக்க மாகாணம் விதி போட்டது. உள்ளூர் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் இனவாதம் கலந்திருக்கலாம். ஆனால் ஒரு நியாயமும் இருந்தது: காட்டை வெட்டியது அவர்கள் துப்பாக்கி அல்ல. கிணற்றுக்கு வரம்பு கட்டுகிற உடன்படிக்கை வருவதற்கு முன்பே துப்பாக்கிக்கு வரம்பு வந்துவிட்டது. ஏனென்றால் அரசின் கையில் தயாராக இருக்கிற கருவி ஆளை எண்ணுவதுதான். ஒரே மூஸை நம்பும் இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவில் குழாய் பத்திரமாகப் போகும். இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை.

மூன்று: அந்த உடன்படிக்கையின் மை உலர்ந்த மறு வருஷமே, 2024இல், பீஸ் ஆற்றின் குறுக்கே சைட் சி அணையின் நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டது. இன்னொரு எண்பது கிலோமீட்டர் பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போனது. வரைபடம் வழக்கை ஜெயிக்கலாம். நிலத்தை ஜெயிப்பது இன்னொரு வேலை.

7

எதிர்-வரைபடம் என்ற கருத்தை நம் குழுக்களும் இப்போது எடுத்துக்கொண்டிருக்கின்றன. கையில் செல்பேசி, அதில் இருப்பிடம் காட்டும் கருவி, இலவச மென்பொருள், யாரும் வரையலாம். நல்லதுதான். அறிவை நிபுணரிடமிருந்து பிடுங்குவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் நாம் போடுகிற முதல் வரைபடம் பெரும்பாலும் மக்களைப் பற்றியதாகவே இருக்கிறது. அவர்களின் வீடு, அவர்களின் மேய்ச்சல், அவர்களின் மூலிகை, அவர்களின் கோயில். உரிமை கேட்க அது தேவைப்படுகிற இடமும் உண்டு. அதே நேரத்தில் அது அவர்களைப் பார்வைக்குத் திறந்துவிடுகிற காகிதமும் கூட. அந்தக் காகிதம் யார் பெட்டகத்தில் இருக்கும், யார் கேட்டால் கொடுப்போம், எதைக் குறிக்காமல் விடுவோம் என்று சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து முடிவு செய்த பிறகுதான் பேனா எடுக்கணும்.

அதைவிட முக்கியமாக, பீஸ் ஆற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: விலங்கையும் மனிதனையும் எண்ணுவதற்கு முன்னால் அனுமதிகளை எண்ணுங்கள். எத்தனை குத்தகை, எத்தனை சாலை, எத்தனை கிணறு, எந்தத் தேதியில், யார் கையெழுத்து. இந்தத் தகவல்கள் பெரும்பாலும் அரசின் அலமாரியிலேயே, ஒன்றோடொன்று பேசாத கோப்புகளாகக் கிடக்கின்றன. புளூபெரி ரிவர் மக்கள் செய்த புதுமை ரகசியத் தகவலைக் கண்டுபிடித்தது அல்ல. பிரித்து வைக்கப்பட்டிருந்ததைச் சேர்த்து வைத்தது. பிரித்து வைத்திருப்பதில்தான் அதிகாரம் இருந்தது. அதையும் 85 சதவீதம் ஆகும்வரை காத்திருக்காமல், பத்தாக இருக்கும்போதே, ஐந்தாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

1963இன் தாளில் மூஸுக்கு ஏழு வகுப்பு இருந்தது, கிணற்றுக்கு ஒரு வகுப்பும் இல்லை. 2023இன் உடன்படிக்கையில் கிணறுகள் தின்னும் நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கில் ஒரு வரம்பு வந்திருக்கிறது. அறுபது வருஷத்தில் ஒரு நிரல் சேர்ந்திருக்கிறது. அந்த நிரலை வருஷாவருஷம் சரிபார்க்கிற கண், மாகாண அலுவலகத்தின் கண்ணாக மட்டும் இருந்துவிடக் கூடாது.